கான்ஃப்.டி-யில் எழுதியதை மைஎஸ்கியூஎல் ஏன் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது?

உங்கள் நிலைமை இதுதான்: உபுண்டுவில் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்கியூஎல் 8. வேறு கம்ப்யூட்டரிலிருந்து கனெக்ட் ஆவதற்காக செட்டிங் ஃபைல்கள் இருக்கிற கான்ஃப்.டி ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் போட்டு, பைண்ட் அட்ரஸை (சர்வர் எந்த முகவரியில் கனெக்‌ஷனை ஏற்கும் என்கிற செட்டிங்) 0.0.0.0, அதாவது எல்லா முகவரியும், என்று மாற்றியிருக்கிறீர்கள். மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தும் 127.0.0.1-லேயே, அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, நிற்கிறது.

உங்கள் ஃபைலில் தப்பு ஒன்றுமில்லை. அதை மைஎஸ்கியூஎல் படிக்கவும் செய்கிறது. அதற்கு அப்புறம் படிக்கிற இன்னொரு ஃபைல் நீங்கள் எழுதியதை அடித்துவிடுகிறது.

நான் மன்னார்குடிக்காரன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றில் இறங்கி எங்களிடம் வருவதற்குள் மேலே இருப்பவர்கள் நாற்றங்காலே விட்டு முடித்திருப்பார்கள். கடைமடைக்காரன் பேச்சு எடுபடாது. மைஎஸ்கியூஎல்-லில் இது அப்படியே தலைகீழ். முதலில் ஈடிசி-க்குள் இருக்கிற மை.சிஎன்எஃப், அடுத்து ஈடிசி-மைஎஸ்கியூஎல் ஃபோல்டரில் இருக்கிற மை.சிஎன்எஃப், அப்புறம் யூசருடைய ஹோமில் புள்ளி வைத்து ஒளிந்திருக்கிற மை.சிஎன்எஃப் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாகப் படித்ததே செல்லும். கடைமடை ராஜ்யம்.

உபுண்டுவில் அந்த இரண்டாவது ஃபைலைத் திறந்து பாருங்கள். உள்ளே சொந்தச் சரக்கு எதுவும் இருக்காது. 'இந்த ஃபோல்டரில் இருப்பதையும் படி' என்று சொல்கிற இரண்டு இன்க்ளூட்டிர் வரிகள்தான். மேல் வரி கான்ஃப்.டி, கீழ் வரி மைஎஸ்கியூஎல்.கான்ஃப்.டி. இந்தக் கீழ் ஃபோல்டரில் இருக்கிற மைஎஸ்கியூஎல்டி.சிஎன்எஃப்-ல் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று பேக்கேஜோடு சேர்ந்தே வருகிறது. நீங்கள் எழுதியது தலைமடையில், அது இருப்பது கடைமடையில். மரியாடிபி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், கீழ் ஃபோல்டர் பெயர் மரியாடிபி.கான்ஃப்.டி, அதற்குள் ஃபைல் பெயர் 50-சர்வர்.சிஎன்எஃப்.

ஆகவே அந்த வரியை மைஎஸ்கியூஎல்டி.சிஎன்எஃப்-லேயே மாற்றுங்கள், கான்ஃப்.டி-யில் போட்டதை அழித்துவிடுங்கள். கீழ் ஃபோல்டரிலேயே இசட் இசட் என்று பெயர் வைத்து ஒரு ஃபைல் போட்டால் கடைசியாகப் படிக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு ஃபோல்டருக்குள் எந்த ஃபைல் முதலில் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைஎஸ்கியூஎல் கையேடே சொல்கிறது. நான் அதை நம்பி இறங்குவதில்லை.

இதில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரைஸ் மில். தை மாதம், சம்பா அறுவடை உச்சம். கேட்டில் எடைமேடை, அங்கே ஒரு கம்ப்யூட்டர். சர்வர் உள்ளே ஆபீஸில். உங்களுக்கு வந்த அதே சிக்கல். வெளியே நெல் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. நான் போனில் ஃபைல் பெயரைச் சொல்ல, அங்கிருந்த ஆப்பரேட்டர் தம்பி திறந்து பார்த்திருக்கிறான். சேவ் ஆகவில்லை, பர்மிஷன் இல்லை என்று வந்ததும் அந்த ஃபைலுக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற பர்மிஷன், கொடுத்துவிட்டு, வரியை மாற்ற மறந்து, ரீஸ்டார்ட் மட்டும் அடித்திருக்கிறான். உடனே எடைமேடையில் பில் வந்துவிட்டது! "அண்ணே, ஓகே ஆயிடுச்சு" என்றான். நானும் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, பார்ட்டி லெட்ஜர் எடுத்தா டீ குடிச்சிட்டு வந்துடலாம் போலருக்கு."

போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடக்கிற ஃபைலை மைஎஸ்கியூஎல் படிக்கவே படிக்காது. ஒரு வார்னிங்கைப் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடும். கடைமடை ஃபைல் மொத்தமாக ஒதுங்கிவிட்டதால் கான்ஃப்.டி-யில் இருந்த 0.0.0.0 செல்லுபடியாகிவிட்டது. கூடவே அந்த ஃபைலில் நான் 4 ஜிபி கொடுத்து வைத்திருந்த பஃபர் பூலும் (டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்கிற இடம்) போய், டீஃபால்ட்டான 128 எம்பி-க்கு இறங்கியிருந்தது. எரர் லாக் எங்கே எழுத வேண்டும் என்பதும் அதே ஃபைலில்தான் இருந்தது. நான் வழக்கமான லாக்கைத் திறந்து வெறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்னிங் சிஸ்டத்தின் பொது லாக்கான ஜர்னலில் கிடந்தது. 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) கொடுத்து, வரியை அங்கேயே திருத்தி ரீஸ்டார்ட் செய்ததும் லெட்ஜர் பழையபடி வந்தது.

அன்றைக்குக் கைகொடுத்தது பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் இருக்கிற வேரியபிள்ஸ் இன்ஃபோ என்ற டேபிள். எந்த செட்டிங், எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று முழுப் பாதையோடு காட்டும். பஃபர் பூலுக்கு நேரே 'கம்பைல்ட்' என்று இருந்தது. எந்த ஃபைலும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். 'பெர்சிஸ்டட்' என்று இருந்தால் யாரோ செட் பெர்சிஸ்ட் (ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கும்படி செட்டிங்கை மாற்றுகிற கட்டளை) கொடுத்திருக்கிறார்கள். அது டேட்டா ஃபோல்டரில் இருக்கிற மைஎஸ்கியூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப்-ல் உட்கார்ந்திருக்கும், எல்லாவற்றுக்கும் கடைசியில் படிக்கப்படும். அதைக் கையால் திருத்தாதீர்கள், ரீசெட் பெர்சிஸ்ட் கொடுங்கள். முதலில் இந்த டேபிளைப் பாருங்கள், அப்புறம் ஃபைலைத் தேடுங்கள்.

0.0.0.0 என்று எல்லாப் பக்கமும் திறக்கவும் தேவையில்லை. 8.0.13-லிருந்து கமா போட்டு இரண்டு முகவரி கொடுக்கலாம்: 127.0.0.1-உம் சர்வரின் உள் ஐபியும் போதும். மாற்றிய பிறகு அந்தப் பக்கக் கம்ப்யூட்டரில் எரர் 2003 (சர்வரோடு கனெக்ட் ஆக முடியவில்லை) போய் 1130 (இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை) வந்தால் பதற வேண்டாம். பைண்ட் அட்ரஸ் வேலை முடிந்தது, இனி அந்த ஐபியிலிருந்து நுழைய ஒரு யூசரை உருவாக்குவதுதான் பாக்கி.