புதிதாக வெளிவந்த கேமராவை உடனே முன்பதிவு செய்வதா, சில மாதங்கள் பொறுப்பதா?

அறிவிப்பு வந்து சில வாரங்களே ஆன ஒரு கேமரா எங்கும் கையிருப்பில் இல்லை, முன்பணம் கட்டி வரிசையில் நிற்கலாமா, அப்படி வாங்கும், ஆலையிலிருந்து முதலில் வரும் தொகுதியில் பழுது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேமரா இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வேலை எதையும் நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கவில்லை என்றால், முதல் நான்கைந்து மாதங்கள் பொறுத்திருங்கள் என்பதே என் பதில். படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். கேமரா கிடைக்காமல் இருக்கும் அந்த மாதங்களில்தான், அதை முதலில் வாங்கியவர்களின் கைகளில் அதன் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

முதலில் கிடைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். அறிவிக்கப்பட்ட எல்லாக் கேமராக்களும் சொன்ன நாளில் கடைக்கு வந்துவிடுவதில்லை. நிக்கான் நிறுவனம் 2016 பிப்ரவரியில் டிஎல் என்ற பெயரில் மூன்று சிறிய கேமராக்களை அறிவித்தது. படத்தைச் செயலாக்கும் சில்லில் எழுந்த சிக்கலால் அவை தள்ளிப்போய், ஓராண்டுக்குப் பின் விற்பனைக்கு வராமலேயே கைவிடப்பட்டன. 2011 இறுதியில் தாய்லாந்தைச் சூழ்ந்த வெள்ளம் அயுத்தயாவில் இருந்த நிக்கான் ஆலையை மூழ்கடித்ததோடு, சோனி அப்போது புதிதாக அறிவித்திருந்த நெக்ஸ்-7 கேமராவையும் தாமதப்படுத்தியது. சில்லுத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2021 டிசம்பரில், அதே ஆண்டின் நடுவில் அறிவிக்கப்பட்டிருந்த இசட்வி-இ10 மாதிரிக்கு ஜப்பானில் புதிய ஆர்டர்கள் எடுப்பதையே சோனி நிறுத்திவைத்தது. பேரிடர் ஏதும் இல்லாத காலத்திலும் தட்டுப்பாடு வரும் என்பதற்கு ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்100-VI சான்றாகும். முந்தைய மாதிரிக்கு ஏற்பட்ட கிராக்கியைப் பார்த்து மாத உற்பத்தியை இரண்டு மடங்காக, ஏறத்தாழ 15,000 ஆக உயர்த்திய பிறகே 2024 பிப்ரவரியில் அதை அறிவித்தார்கள். அப்படியிருந்தும் அதற்காகப் பலர் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே முன்பதிவு செய்வதானால் கடைக்காரரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வரிசையில் உங்கள் இடம் எது, முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா, லென்ஸ் இல்லாமல் கேமரா உடலை மட்டும் கேட்பவர்களுக்கும் லென்ஸுடன் சேர்த்துக் கேட்பவர்களுக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. லென்ஸுடன் வரும் தொகுப்பு சில வேளைகளில் முன்னதாகவே கிடைத்துவிடும். அந்த லென்ஸ் உங்களுக்கு உண்மையாகவே பயன்படும் என்றால் மட்டும் அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் பேட்டரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த கேனான் ஆர்5 மார்க் II புதிய எல்பி-இ6பி பேட்டரியுடன் வந்தது. பழைய எல்பி-இ6என்எச் அதில் பொருந்தினாலும் சில வசதிகள் அதனுடன் இயங்குவதில்லை. கேமரா கையில் இருந்தும் இரண்டாவது பேட்டரி கிடைக்காமல் நாள் முழுவதும் நடக்கும் ஒரு நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ள முடியாத நிலை வரக்கூடும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் அதிகாரபூர்வமற்ற வழியில் இறக்குமதி செய்யப்பட்டதையோ, கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்யப்படுவதையோ வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் தொகுதியில் பழுது வருவதற்கான வாய்ப்பு அதிகம் என்று அஞ்சும் ஒருவர், உற்பத்தியாளரின் உத்தரவாதம் செல்லுபடியாகாமல் போகக்கூடிய வழியில் அதே முதல் தொகுதியை வாங்குவது தம் அச்சத்துக்குத் தாமே வலுச் சேர்ப்பதாகும்.

இனி நம்பகத்தன்மைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான். புதிய கேமராவைப் பற்றிப் புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது மென்பொருளால் தீரக்கூடிய குறையா, உடலைத் திறந்து சரிசெய்ய வேண்டிய குறையா என்பதுதான். கேனான் 5டி மார்க் II 2008 இறுதியில் வந்தபோது, இரவுப் படங்களில் விளக்கொளிப் புள்ளிகளின் வலப்பக்கத்தில் கரும்புள்ளிகள் தோன்றின. 2009 ஜனவரியில் வந்த ஒரு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு அதைத் தீர்த்துவைத்தது. 2020-இல் வந்த கேனான் ஆர்5, மிக உயர்ந்த தெளிவுள்ள 8கே காணொளி எடுக்கையில் சூடாகி நின்றுவிடுவதாகப் பெரிய அளவில் பேசப்பட்டது. ஒரு மாதத்துக்குள் வந்த புதுப்பிப்பு நிலைமையை ஓரளவு மேம்படுத்தியது. ஆனால் விசிறி இல்லாத சிறிய உடலுக்குள் உருவாகும் வெப்பத்தை எந்த மென்பொருளாலும் முழுவதுமாக அகற்ற முடியாது. ஒளிப்படம் மட்டும் எடுப்பவரை அது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும், நீண்ட காணொளி எடுப்பவருக்கு அது வேறு கேமராவைத் தேட வேண்டிய காரணமாக இருந்தது என்பதும் ஒருசேர உண்மை.

உடலைத் திறந்து சரிசெய்ய வேண்டிய குறையோ வேறு வகை. 2012 செப்டம்பரில் வந்த நிக்கான் டி600-இல் சென்சார் (ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் தகடு) மீது, குறிப்பாகப் படத்தின் மேல் இடது மூலையில், தூசும் எண்ணெய்த் துளிகளும் படிவதாகப் புகார்கள் குவிந்தன. துடைத்தாலும் திரும்ப வந்தன. 2013 அக்டோபரில் டி610 புதிய ஷட்டருடன் (சென்சாரின் முன் திறந்து மூடும் திரை) வந்தது. டி600 வாங்கியவர்களுக்கு, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக 2014-இல்தான் நிறுவனம் அறிவித்தது. முதல் மாதத்தில் வாங்கியவர் ஒன்றரை ஆண்டு அந்தப் புள்ளிகளோடு காலம் தள்ள வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். இதற்கு மாறாக, 2023-இல் வந்த நிக்கான் இசட்8-இன் சில பிரதிகளில் லென்ஸ் பொருத்தும் இடத்திலும், தோள்பட்டை வார் மாட்டும் வளையத்திலும் குறை இருப்பது தெரிந்தபோது, நிறுவனம் சில மாதங்களிலேயே அதை வெளிப்படையாக ஏற்று, பாதிக்கப்பட்ட பிரதிகளைச் சீரியல் எண்ணைக் கொண்டு கண்டறிந்து இலவசமாகச் சரிசெய்து தந்தது. எந்த நிறுவனத்திலும் குறைகள் வரும். அதை எவ்வளவு விரைவாக ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு நிறுவனத்தை மதிப்பிடுகிறேன்.

புகாரின் சத்தத்தையும் அதன் உண்மையான பாதிப்பையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். 2012-இல் கேனான் 5டி மார்க் III-இல், மிகவும் இருண்ட சூழலில் கேமராவின் மேல்பக்கத்தில் உள்ள சிறு திரையின் விளக்கை எரியவிட்டால் ஒளி அளவீடு மாறுவதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கேனானும் அதை ஒப்புக்கொண்டு சரிசெய்து தந்தது. ஆயினும் அன்றாடப் படமெடுப்பில் அந்த நிலை பெரும்பாலும் ஏற்படுவதே இல்லை. ஒரு குறையைப் பற்றிப் படிக்கும்போது, அது எந்தச் சூழலில் தோன்றுகிறது, அந்தச் சூழலில் நீங்கள் படமெடுப்பதுண்டா என்று பாருங்கள்.

பொறுத்திருக்க முடியாமல் உடனே வாங்கியே ஆக வேண்டும் என்றால், திருப்பித் தரும் கால வரம்புக்குள் கேமராவைக் கடுமையாகச் சோதியுங்கள். பெட்டியைத் திறந்து நான்கு படம் எடுத்துவிட்டு அலமாரியில் வைப்பதால் எதுவும் தெரியவராது. லென்ஸின் துளையை எஃப்16 அளவுக்குச் சுருக்கி, ஒரே நிறமான வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இன்றி எடுத்தால் சென்சார் மீதுள்ள தூசு தெரிந்துவிடும். சில நூறு படங்கள் எடுத்த பிறகு அதையே திரும்பச் செய்யுங்கள், ஏனெனில் டி600-இன் புள்ளிகள் ஷட்டர் இயங்க இயங்கத்தான் பெருகின. லென்ஸை மூடிவைத்து முப்பது விநாடி எடுத்தால் எரிந்தே நிற்கும் பிக்செல்கள் தெரியும். ஒன்றிரண்டு இருப்பது இயல்பு, பெரும்பாலும் கேமராவே அவற்றை மறைத்துவிடும். இரண்டு கார்டு இடங்களிலும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். தொடர்ச்சியாகப் படமெடுத்து, கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பும்வரை ஓட்டுங்கள். காணொளி எடுப்பவராக இருந்தால், நீங்கள் வழக்கமாக எடுக்கும் நீளத்துக்கு, அதே தரத்தில், வெப்பமான ஓர் அறையில் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் ஒவ்வொரு லென்ஸையும், குறிப்பாகப் பிற நிறுவனத் தயாரிப்புகளை, மாட்டிப் பார்ப்பதும் இதில் அடங்கும். புதிய உடலோடு ஒத்துப்போக அவற்றுக்குத் தனியே ஃபர்ம்வேர் தேவைப்படுவது அடிக்கடி நடக்கிறது.

படம் திருத்தும் மென்பொருளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய மாதிரியின் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிவுசெய்யும் படங்களை, திறக்க அந்த மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வர வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். நிறுவனத்தின் சொந்த மென்பொருள் வழக்கமாக முதல் நாளிலிருந்தே கோப்புகளைத் திறக்கும் என்பதால் முழுமையான முடக்கம் ஏற்படாது. ஆனாலும் பழகிய முறையில் வேலையை முடித்துத் தர வேண்டியவருக்கு அது தாமதமே.

இன்னும் ஒரு வேண்டுகோள். புதியது முன்பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பழைய கேமராவை விற்றுவிடாதீர்கள். புதியது வந்து, மேலே சொன்ன சோதனைகளைத் தாங்கி, ஒரு முழு வேலையைப் பழையதின் துணையோடு முடித்த பிறகு விற்கலாம். புதிய கேமரா சேவை மையத்துக்குப் போக நேர்ந்தால், தட்டுப்பாட்டுக் காலத்தில் அதற்கு மாற்றுக் கேமராவும் கிடைக்காது, சில வேளைகளில் உதிரிபாகமும் கிடைக்காது.