கொடைக்கானல் ஏரிப் படகுக்கு எந்த சீலன்ட்?

ஃபைபர் துடுப்புப் படகின் அடியில், போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது, அதை அடைக்கும் பசையாக (சீலன்ட்) குளியலறைக்குப் பூசும் சிலிகான் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழே அது நம்பத்தக்கதல்ல. அதைவிடத் தொல்லை, சிலிகான் படிந்த இடத்தில் பிறகு பெயின்ட்டோ வேறு பசையோ ஒட்டாது.

அந்த போல்ட்டை என்றாவது கழற்ற வேண்டியிருக்குமா என்பதை முதலில் யோசியுங்கள். கழற்ற வேண்டியதில்லை என்றால் பாலியூரித்தேன் வகை சீலன்ட். 3எம் நிறுவனத்தின் 5200 அந்த வகைதான். ஒட்டினால் ஒட்டியதுதான், பிரிக்கும்போது ஃபைபரே பெயர்ந்து வரலாம். கழற்ற வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின், பிடிப்பு குறைந்த 4200 நல்லது. பாலிசல்ஃபைடு என்ற இன்னொரு வகை சீலன்ட்டும் நீருக்கடியில் தாங்கும், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடும்.

நம் மலைக் குளிரை மறந்துவிடாதீர்கள். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஈரம் இங்கே தாராளம், குளிர்தான் தாமதப்படுத்தும். 5200 முழுதாக இறுக சாதாரணமாகவே 5 முதல் 7 நாள். டிசம்பர், ஜனவரியில் இன்னும் சில நாள் கூடுதலாக விடுங்கள். பூசும் பரப்பு மட்டும் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள்.

அப்புறம், ஃபைபரிலேயே விரிசல் இருந்தால் எந்த சீலன்ட்டும் உதவாது. அதற்கு எபாக்ஸி பிசினும் கண்ணாடி இழைத் துணியும்தான்.