இலங்கை மலையகத்துச் சின்ன டவுன்களில் தோட்டத் தொழிற்சங்கம் கைகாட்டுகிற பக்கம்தான் வாக்கு விழுமா?

இல்லை. நான் நுவரெலியா மாவட்டத்துப் பொகவந்தலாவைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். "தலைவர் சொன்னால் தோட்டமே அப்படியே போட்டுவிடும்" என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்கும்போது மனம் நொந்துபோகும். பழைய தேர்தல் முடிவுகளை எடுத்துப் பாருங்கள்.

2010 ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்சவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் முன்னுக்கு வந்தவர் சரத் பொன்சேகா. 2015இல் காங்கிரஸ் மறுபடியும் மஹிந்தவோடு நின்றது; மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்குப் போனது. 2019இல் கோட்டாபயவைச் சொன்னார்கள், சஜித் பிரேமதாச வென்றார். 2024 செப்டெம்பரில் ரணிலைச் சொன்னார்கள், அப்போதும் சஜித்தான். மலையகத்தின் பழைய, பெரிய சங்கமான அந்தக் காங்கிரஸ் காட்டிய ஆள் எங்கள் மாவட்டத்தில் தொடர்ந்து நான்கு தடவை தோற்றிருக்கிறார். 2015இலிருந்து திகாம்பரத்தின் போட்டிச் சங்கமும் மலையக மக்கள் முன்னணி என்ற கட்சியும் எதிர்ப்பக்கம் நின்றன, மாவட்டத்தில் சிங்கள வாக்குகளும் உண்டு, அதெல்லாம் சரி. ஆனாலும் தோட்டத்து வாக்கு இல்லாமல் இந்த முடிவுகள் வந்திருக்காது.

அதே மக்கள்தான், கோட்டாபயவை மறுத்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், 2020 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் காங்கிரஸின் ஜீவன் தொண்டமானுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேலான விருப்பு வாக்குகளைக் கொடுத்தார்கள். அவர் போட்டியிட்டதோ ராஜபக்சக்களின் மொட்டுச் சின்னத்தில். மே மாதம் அவருடைய தகப்பன், காங்கிரஸ் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் இறந்த துக்கம் அதில் ஒரு பங்கு. மற்றப் பங்கு கணக்கு. ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் ஆட்கள் நாட்டைப் பார்த்துப் புள்ளடி போடுவார்கள்: மா விலை என்ன, சிறுபான்மைக்குப் பாதுகாப்பு இருக்குமா என்று. பாராளுமன்றத்துக்கு என்றால் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கூரைத்தகரம், தோட்டத்து ரோடு, தனி வீடு, பிள்ளைக்கு ஆசிரியர் நியமனம், இதையெல்லாம் எந்த மந்திரியிடம் போய்க் கேட்கலாம் என்று பார்ப்பார்கள். உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளுக்குத் தோட்டத்துக்குள் செலவு செய்யவே 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தடை இருந்தது. சபையிடம் கேட்க முடியாத வீதியைச் சங்கத்திடம்தானே கேட்க வேண்டும்? இதை "விசுவாசம்" என்று வெளியில் இருந்து சொல்வது எளிது.

செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) மாதாமாதம் சங்கச் சந்தா பிடிபடுவதையும் அப்படித்தான் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையோடு ஒரு பிரச்சினை வந்தால் பேச ஆள் வேண்டும், அதற்காகக் கட்டுகிற காசு அது. ஒரு சங்கத்தில் சந்தா, பெட்டிக்குள் வேறு சின்னம் என்பது எங்கள் லயங்களில் சாதாரணம். ஒரே வீட்டில் தகப்பன் காங்கிரஸின் சேவல், மகன் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி, தாய் யாரிடமும் சொல்லமாட்டார்.

டவுன் வேறு மாதிரி. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் சங்கத்தில் தங்கியிருப்பதில்லை, காற்று மாறுவது அங்கேதான் முதலில் தெரியும். பிறகு கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் வாக்குப் போட வரும்போது அந்தப் பேச்சை லயத்துக்கும் கொண்டுவருவார்கள். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் நடந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். செப்டெம்பரில் எங்கள் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்த அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி, இரண்டு மாதத்தில் எட்டு ஆசனங்களில் ஐந்தை எடுத்தது. கலைச்செல்வி இங்கிருந்தும் அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் பாராளுமன்றம் போனார்கள். கொழுந்து எடுப்பது பெண்கள், கூட்டத்தில் நாற்காலி ஆண்களுக்கு என்று இருந்த இடத்தில், மலையகத் தமிழ்ப் பெண்கள் உறுப்பினர்களாக அங்கே போய் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எனக்கு அந்தக் கட்சி மேல் நிறையக் கேள்விகள் உண்டு. அன்றைக்கு அழுகை வந்தது உண்மை.

வாக்கை நாங்கள் இலேசாக எடுப்பதில்லை. 1947இல் மலையகம் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே வாக்குரிமையும் போனது. அதற்குப் பிறகு 1977இல்தான் நுவரெலியா-மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராகக் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்தலில் வென்றார். 1988 சட்டத்தில்தான் நாடற்றவர்களாக இருந்த ஏராளமானோருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்கள் அப்பாயி பேரப்பிள்ளை கண்ட பிறகுதான் முதல் வாக்குப் போட்டார். அப்படிக் கிடைத்ததை யாரோ சொன்னதற்காகத் தூக்கிக் கொடுப்பார்களா?

எனக்கு உண்மையான கவலை வேறு. எங்கள் மாவட்டத்தில் நிராகரிக்கப்படும் வாக்குகள் அதிகம். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு பிடித்த வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள் மூன்று வரை; இலக்கத்துக்கு மட்டும் அடையாளம் போட்டுக் கட்சியை விட்டாலும், இரண்டு கட்சிக்குப் போட்டாலும் சீட்டு செல்லாது. துண்டுப்பிரசுரம் வீடு வீடாக வருகிறது, மாதிரிச் சீட்டை வைத்து வயதானவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் வருவதில்லை. அடுத்த தேர்தலுக்கு முன் தோட்டத்து ஆசிரியர்களாவது ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு பின்னேரம் இதைச் செய்ய வேண்டும்.