வேலை போனால் அடுத்து என்ன? வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: என் கணவர் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். 5 மாதமாக சஸ்பென்ஷனில் இருக்கிறார். இதுவரை ஒரு பைசா வரவில்லை. என்ன குற்றச்சாட்டு என்று குறிப்பாணையும் தரவில்லை. கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள். வாடகை பாக்கி நிற்கிறது. இவர் தெருவில் இறங்கவே கூச்சப்படுகிறார்.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சஸ்பென்ஷன் தண்டனை இல்லை, அவர் இன்னும் அரசு ஊழியர்தான். இதை அவரிடமும் சொல்லுங்கள். அவருக்கு மாதாமாதம் பிழைப்பூதியம் தந்தே ஆக வேண்டும். அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 53-ன்படி ஆரம்பத்தில் அரைச்சம்பள விடுப்புக்கு என்ன வருமோ அதுவும், அதற்குரிய அகவிலைப்படியும் வரும். விசாரணை இழுத்துக்கொண்டே போய், அந்தத் தாமதத்துக்கு அவர் காரணம் இல்லையென்றால் தொகையை உயர்த்தித் தரும்படி கேட்கலாம்.

பல அலுவலகங்களில் இந்தப் பணம் நின்றுபோவது ஒரு சின்னக் காகிதத்தால்தான். "இந்த மாதம் நான் வேறு வேலையிலோ தொழிலிலோ இல்லை" என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். விட்டுப்போன 5 மாதத்துக்கும் தனித்தனியாக எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வையுங்கள். அப்புறமும் நகரவில்லையென்றால் பிழைப்பூதியக் கோப்பு யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதால் பெரும்பாலும் அதற்குள் ஃபைல் அசையும்.

பிழைப்பூதியம் யாருடைய கருணையும் இல்லை. கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கேப்டன் பால் அந்தோனி வழக்கைப் பாருங்கள். சஸ்பென்ஷனில் இருந்தபோது பிழைப்பூதியம் தராததால், கேரளாவில் இருந்த அவரிடம் விசாரணைக்கு வந்துபோகவே காசில்லை. அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, பிழைப்பூதியம் மறுப்பது வாழும் உரிமையையே பாதிக்கும் என்றும் சொன்னது. குற்றக் குறிப்பாணை தராமல் 3 மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனை நீட்டக்கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கிலும் தீர்ப்பு வந்தது. ஆனால் அதனால் சஸ்பென்ஷன் தானாக ரத்தாகிவிடாது. தீர்ப்பைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு மனு கொடுங்கள், பலன் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு அழைத்துக் கேளுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வக்கீல் உதவி இலவசம்.

அவர் தூங்காமல் கிடந்தாலோ பேச்சு குறைந்தாலோ 14416-ஐயும் ஒருமுறை அழையுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை எண் அது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அப்பா மத்திய அரசு ஊழியர், பழைய பென்ஷன் திட்டம். 27 வருட சர்வீஸ். போன மாதம் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பென்ஷன் மொத்தமும் போச்சா?
- ஒரு மகன், விழுப்புரம்

பதில்: உத்தரவை எடுத்துப் பாருங்கள், ரிமூவலா, டிஸ்மிஸலா? ரிமூவல் என்றால் மறுபடி அரசு வேலைக்குப் போகத் தடையில்லை, டிஸ்மிஸல் என்றால் பொதுவாக அந்த வாசல் மூடிவிடும். இரண்டிலும் பென்ஷனும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குக் கருணைப்படி என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக வந்திருக்கும் பென்ஷன், பணிக்கொடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் அதைத் தரலாம். நீண்ட சர்வீஸ், குடும்ப நிலை, குற்றத்தின் தன்மை எல்லாவற்றையும் எழுதி, அவரை நீக்கிய அதிகாரியிடமே விண்ணப்பியுங்கள். கேட்காமல் இருந்துவிடாதீர்கள், பல குடும்பங்கள் இது இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகின்றன. ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) அவர் சேர்த்த சொந்தப் பணம், அதை வாங்கிவிடுங்கள்.

இதைவிட அவசரம் மேல்முறையீடு. உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 45 நாள்தான். போன மாதமே வந்துவிட்டதால் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். நாள் தாண்டியிருந்தாலும் காரணம் சொல்லிப் போடலாம், ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் கையில்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஏஜென்சி மூலம் 6 வருடமாக டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். மாதம் 13,000. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயாலேயே சொல்லிவிட்டார்கள்.
- ஒரு வாசகி, சேலம்

பதில்: கோபம்தான் வருகிறது. அரசு வேலையைச் செய்யவைத்துவிட்டு இப்படி வாய்வார்த்தையில் அனுப்புவது அநியாயம். சரி, உங்களுக்கு என்ன வரவேண்டும் என்று பார்ப்போம். ஒரே ஏஜென்சியில் 5 வருடம் தாண்டியதால் உங்களுக்குப் பணிக்கொடை உண்டு. 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500, ஆறு வருடத்துக்கு 45,000 ரூபாய். அந்த 13,000 அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகைதானா என்று சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இது போக, முன்னறிவிப்பும் வருடத்துக்கு 15 நாள் ஊதியமும் தராமல் ஆட்குறைப்பு செய்ததற்காகத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில், வேலையில்லாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் பாதி வரும், அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. இந்தத் திட்டத்தை அவ்வப்போது நீட்டிப்பதால் இப்போதைய நிபந்தனைகளை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு, வங்கிக் கணக்குச் சீட்டு, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். "ராஜினாமா என்று ஒரு கையெழுத்து போட்டால் பாக்கிச் சம்பளம் உடனே தருகிறோம்" என்று ஏஜென்சி கூப்பிட்டால் மட்டும் போட்டுவிடாதீர்கள்.