புல்லுக்கடியில் ஓர் ஊர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வார்ரம் பெர்சிக்குப் போயிருந்தேன். இடைக்காலக் கிராமம் என்கிறார்கள். இடிந்த தேவாலயம் தவிர வெறும் புல்வெளிதான் தெரிந்தது. ஊர் எங்கே?

பதில்: உங்கள் காலடியில்தான். கோடை நண்பகலில் போனால் தெரியாது. பல மேடுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. வெயில் தலைக்கு மேல் நின்றால் நிழலே விழாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, புல் குட்டையாக இருக்கும்போது போங்கள். லேசான உறைபனி இருந்தால் இன்னும் நல்லது. வெயிலுக்குக் குறுக்கே கிடக்கும் மேடுதான் நிழல் தரும், அதன் போக்கிலேயே நீளும் மேடு மறைந்துவிடும். ஆகவே காலையில் ஒரு முறை, பிற்பகல் 2 மணிக்கு மேல் ஒரு முறை, அதே இடத்தைப் பாருங்கள்.

முதலில் தெருவைத் தேடுங்கள். காலும் வண்டியும் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாகிப்போன நீண்ட தடம் அது. அதன் ஓரமாகத் தாழ்ந்த வரப்புகள் சூழ்ந்த மனைகள் வரிசையாக இருக்கும். மனைக்குள் நீள்சதுரமாகச் சமதளம் தெரிந்தால் அங்கே வீடு நின்றிருக்கலாம். பின்னால் நீள்வது கொல்லை.

ஊருக்கு வெளியே வயல். பல மீட்டர் அகலத்தில், கண்ணாடியில் தெரியும் 'எஸ்' எழுத்துபோல வளையும் உழவுமேடுகள் இடைக்காலத்தவை. ஏரில் பூட்டிய நீண்ட எருது வரிசையை வயல்கோடியில் திருப்ப முன்கூட்டியே வளைத்து ஓட்டியதால் வந்த வளைவு அது. ஒடுக்கமாக, நேர்கோடாக இருந்தால் பெரும்பாலும் பிற்கால உழவு. சுண்ணக்கல் வெட்டிய குழியையும் வீடென்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒழுங்கான மூலை இருக்காது.

கேள்வி: பிளேக்தான் ஊரை அழித்ததா?

பதில்: இல்லை. 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகும் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். ஆட்டு மேய்ச்சலுக்காக நிலவுடைமையாளர்கள் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியது 1500 வாக்கில். அந்த மேய்ச்சல்தான் தடயங்களைக் காத்தது, ஏர் பட்டிருந்தால் எல்லாம் சமமாகியிருக்கும். அக்கம்பக்கத்துச் சிற்றூர்களுக்கும் தேவாலயம் வேண்டியிருந்ததால் அது மட்டும் நின்றது. மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்ற அகழாய்வு 1950 முதல் 1990 வரை ஆண்டுதோறும் நடந்தது.

கேள்வி: இப்படியோர் இடத்தை நானே வரைபடமாக்க முடியுமா?

பதில்: நில உரிமையாளரிடம் அனுமதி பெற்றால் முடியும். இரண்டு 30 மீட்டர் நாடாக்கள், சில அளவுக்கோல்கள், ஒரு வரைபலகை போதும். ஒரு நாடாவைத் தரையில் நேராக விரித்து அடிப்படைக் கோடாக வைத்து, அதிலிருந்து செங்கோணத்தில் மற்ற நாடாவால் அளந்து போங்கள். 3, 4, 5 மீட்டர் முக்கோணம் செங்கோணத்தைச் சரிபார்க்கும். 1:500 அளவில் 1 செ.மீ. என்பது 5 மீட்டர். புதியவர்கள் மேட்டின் நடுவை மட்டும் குறிப்பார்கள், படம் பயனில்லாமல் போகும். சரிவு தொடங்கும் மேல்விளிம்பு, முடியும் அடிவிளிம்பு இரண்டையும் குறியுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே, தலை மேலே தடித்து வால் கீழே மெலியும் கோடுகளை இழுங்கள். சரிவு செங்குத்தாக இருக்குமிடத்தில் கோடுகள் நெருங்கட்டும். அங்கேயே நின்று வரையுங்கள், வீட்டில் நினைவிலிருந்து வேண்டாம்.

தோண்டவே கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னமானால், அனுமதியின்றி உலோகங்காட்டிக் கருவி பயன்படுத்துவதே இங்கிலாந்தில் 1979 தொல்சின்னங்கள் சட்டப்படி குற்றம்.