கர்ப்பப்பை ஆபரேஷன்: ஆறுவதற்கு எதற்கு ஆறு வாரம்?

கேள்வி: எனக்கு 46 வயது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள். ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்குக் கர்ப்பப்பை பெரிதாகிவிட்டது என்கிறார் டாக்டர். இரண்டு வருடமாக மாதவிடாயில் கடுமையான ரத்தப்போக்கு. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இனி வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முடியாதா? ஓவரியையும் எடுத்துவிடுவார்களா? என் அக்கா இதே ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரமே எல்லா வேலையும் செய்தார். எனக்கு மட்டும் எதற்கு ஆறு வார ஓய்வு?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

முதல் வாரத்தைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. இருமினாலே வயிறு இழுத்துப் பிடிக்கும். யாரும் எதையும் தூக்க மாட்டார்கள். மூன்றாவது வாரம்தான் பயம். வலி போயிருக்கும், தையல் காய்ந்திருக்கும், வீட்டில் வேலை குவிந்திருக்கும். "எல்லாம் சரியாகிவிட்டதே" என்று தோன்றும். சரியானது தோல் மட்டும். தோல் ஏழு முதல் பத்து நாளில் ஒட்டிவிடும். அதற்குக் கீழே, வயிற்றுத் தசைகளை மூடியிருக்கும் கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் ஏற்படும் அழுத்தத்தையெல்லாம் தாங்குவது அந்த உறைதான். அதில் போட்ட தையல் பலம் பெற வாரக்கணக்கில் ஆகும். முழுமையாகத் தேற மாதங்கள் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டால் உறை விட்டுக்கொடுத்து, பின்னாளில் தழும்பு வழியே குடல் பிதுங்கும் ஹெர்னியா வரலாம்.

இன்னொரு காயத்தை யாருமே பார்ப்பதில்லை. கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்தபின், பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடுவோம். லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் அந்தத் தையல் உண்டு. தாம்பத்திய உறவுக்கு குறைந்தது ஆறு வாரம் பொறுக்கச் சொல்வதும், நாப்கின் மட்டும் வையுங்கள், டாம்பான் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். பரிசோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னும் சில வாரம் என்றால் அதையும் கேளுங்கள். உங்கள் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எடை தூக்கக் கூடாது என்றால் எவ்வளவு? பொதுவாக நான்கைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம் என்போம். பத்து லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் பத்து கிலோ. இரண்டு வயதுக் குழந்தை அதைவிட அதிகம். குழந்தை ஓடி வந்தால் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள், குனிந்து தூக்காதீர்கள்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்றும் அர்த்தமில்லை. அது ஆபத்து. அசையாத கால்களில் ரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போகலாம். அதனால்தான் ஆபரேஷன் ஆன அன்று மாலையோ மறுநாள் காலையோ உங்களை எழுப்பி நடக்கவிடுவார்கள். நேராக எழுந்து உட்கார முயலாதீர்கள். ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்காலை மடக்கி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையைத் தழும்பின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். வீட்டுக்குப் போனபின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டலாம்.

சரி, லேப்ராஸ்கோப்பி. ஓட்டை போட்டு எடுத்தால் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மை. ஆனால் கர்ப்பப்பையின் அளவு, முன்பு நடந்த ஆபரேஷன்களால் உள்ளே ஏற்பட்ட ஒட்டல்கள், டாக்டரின் பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் வழியைத் தீர்மானிக்கும். பெரிய கர்ப்பப்பையைச் சின்ன ஓட்டை வழியே எடுக்கத் துண்டு போட வேண்டும்; கட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் புற்றுநோய் இருந்தால் அது பரவலாம். அபூர்வம்தான், ஆனாலும் யோசிக்க வேண்டிய விஷயம். "எனக்கு ஏன் திறந்து செய்கிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: கர்ப்பப்பையின் உட்சுவர்த் திசுவை எடுத்துச் சோதித்தார்களா? 45 வயதுக்கு மேல் இப்படி ரத்தம் போனால், ஆபரேஷனுக்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

கீறல் பெரும்பாலும் அடிவயிற்றில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, குறுக்கே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். கர்ப்பப்பை மிகப் பெரிது, அல்லது புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் நெடுக்குக் கீறல். மயக்க மருந்திலோ முதுகில் ஊசி போட்டோ, சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதில் எங்களுக்குக் கைநடுங்கும் இடம் ஒன்று உண்டு. சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க் குழாய், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்துக்கு அடியில், கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஓடுகிறது. நாளத்தைக் கட்டும்போது குழாய் மாட்டிவிடக் கூடாது. கையெழுத்து வாங்கும் படிவத்தில் "சிறுநீர்ப்பை, சிறுநீர்க் குழாய், குடல் காயமடையலாம்" என்று இருப்பதற்குக் காரணம் இதுபோன்ற நெருக்கம்தான். அரிது, ஆனால் நடக்கக்கூடியது.

இரண்டு வருட ரத்தப்போக்கு என்கிறீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு? குறைவாக இருந்தால், அவசரமில்லாத பட்சத்தில், இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ எடுத்துத் தேற்றிக்கொண்டு மேஜைக்குப் போங்கள். ஆபரேஷனில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உடம்பு தாங்கும். அதன்பின் தேறுவதும் வேகமாக இருக்கும்.

ஓவரி. இது தனி முடிவு. கர்ப்பப்பையோடு தானாகச் சேர்ந்து வருவதில்லை. ஹார்மோனைச் சுரப்பது ஓவரி, கர்ப்பப்பை அல்ல. ஓவரி இருந்தால் மாதவிடாய் நிற்குமே தவிர, மெனோபாஸ் அன்றே வந்துவிடாது. இயல்பாக வருவதைவிடச் சற்று முன்னால் வரலாம், அவ்வளவுதான். இரண்டு ஓவரியையும் எடுத்தால் ஓரிரு நாளிலேயே உடம்பில் சூடு பரவுவது, வியர்ப்பது எல்லாம் ஆரம்பிக்கலாம். எலும்புக்கும் இதயத்துக்கும் பாதிப்பு வர வாய்ப்பு கூடும். குடும்பத்தில் மார்பக அல்லது ஓவரி புற்றுநோய், ஓவரியிலேயே சந்தேகமான கட்டி என்று எதுவும் இல்லையென்றால், 46 வயதில் அதை விட்டுவைப்பதே என் பழக்கம். கருக்குழாய்களை மட்டும் எடுத்துவிடலாம். ஓவரி புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்தக் குழாய்களில்தான் தொடங்குகிறது. ஒருவேளை இரண்டு ஓவரியையும் எடுக்க வேண்டிவந்து, பிறகு ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டால், பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இல்லாததால் அதன் உட்சுவரைக் காக்கும் இன்னொரு ஹார்மோன் தேவையில்லை.

"எடுத்த இடம் காலியாக இருக்குமே?" என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. குடல் சரிந்து வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட இருப்பீர்கள். சிறுநீர் டியூபை அநேகமாக மறுநாளே எடுத்துவிடுவார்கள். வயிற்றில் வாயு நிரம்பி உப்பும். பலருக்குக் காயத்தைவிட இதுதான் தொந்தரவு. சூயிங்கம் மெல்லுவது குடலை எழுப்ப உதவும் என்பது கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நிஜம். மலச்சிக்கலை மட்டும் வரவே விடாதீர்கள், முக்கினால் தையலுக்குத்தான் கேடு; மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். பழுப்பு நிறக் கசிவு சில வாரம் இருக்கும். பத்துப் பதினான்கு நாளில் உள்தையல் கரையும்போது திடீரென்று கொஞ்சம் ரத்தம் படலாம். அதற்குப் பதற வேண்டாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போய் இருப்பது மாதக்கணக்கில் போகும்.

பதற வேண்டியவை வேறு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், காயம் சிவந்து சீழ் வடிவது, வாந்தியோடு வயிறு உப்பிக்கொண்டே போவது, சிறுநீர் வராமல் நிற்பது, பிறப்புறுப்பு வழியே தண்ணீர்போல் ஒழுகிக்கொண்டே இருப்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பலாம். உடல் உழைப்பு என்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள். கார் ஓட்டுவதற்கு நாள்கணக்கைவிட வேறொரு சோதனை இருக்கிறது: நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை ஒரே மூச்சில் அழுத்திப் பாருங்கள். வயிறு சுண்டினால் இன்னும் நேரம் வரவில்லை. தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை சாப்பிடும்வரை அந்தச் சோதனையும் வேண்டாம்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னென்ன எடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஓவரி இருக்கிறதா, கருக்குழாய் எடுத்தாயிற்றா, கர்ப்பப்பை வாயை விட்டிருக்கிறார்களா. வாய் மிஞ்சியிருந்தால், அங்கே புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தொடர வேண்டும். எடுத்த திசுவின் பயாப்ஸி முடிவு பின்னால் வரும், அதையும் சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஏதோ பிரச்சினைக்காக என் எதிரில் உட்காருபவர்களிடம் "ஓவரியை எடுத்தார்களா?" என்று கேட்டால், பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.