பையன் வண்டி எடுத்தா வழக்கு யார் மேல? கேள்வி பதில்

கேரளாவுல, தமிழ்நாடு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். பசங்க வண்டி ஓட்டுறதைப் பத்தி இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதிலும்:

மீனாட்சிபுரம் அக்கா: மகனுக்கு 16 வயசுங்க. பால் சொசைட்டிக்கு ஸ்கூட்டர்லதான் போறான். பிடிச்சா ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுதுங்களா?

முடியாதுங்க்கா. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் 199ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. மாட்டுறது பெத்தவங்களும் வண்டி ஓனரும்தான்: 25,000 ரூபாய் அபராதம், மூணு வருசம் வரைக்கும் ஜெயில். ஆர்சி 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. காலேஜ் முடிச்சு வேலைக்குப் போனாலும் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கணும்.

"16-க்கே லைசென்ஸ் தர்றாங்களே"ன்னு கேப்பீங்க. அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேல போகாத வண்டிக்கு. உங்க வீட்டு ஸ்கூட்டர் 110 சிசி.

அதே அக்கா: எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னா?

சொல்லலாம், சட்டத்துல அதுக்கு இடமிருக்கு. ஆனா உங்க சம்மதத்தோடதான் எடுத்தான்னு கோர்ட் முதல்லயே எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்கிறது உங்க பொறுப்பு. தினமும் பால் கேனோட போறதை ஊரே பாத்திருக்கு, இதுல எங்கிருந்து நிரூபிக்கிறது?

வேலந்தாவளம் அண்ணன்: வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன பயம்?

பயப்பட வேண்டிய இடமே இதுதாங்ணா. லைசென்ஸ் இல்லாத பையன் ஒருத்தர் மேல இடிச்சா, பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும்படி ஆகும்; அந்தப் பணத்தை அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி தீர்ப்பு வரும். உங்க வண்டிச் சேதத்துக்கும் கிளெய்ம் நிக்காது. பிரீமியம் கட்டின ரசீதை வெச்சுக்கிட்டு தோட்டத்தை விக்கிற நிலைமை வரலாம்.

கோபாலபுரம் தம்பி: எனக்கு 18 ஆச்சு, லைசென்ஸ் இருக்கு. ட்ரிபிள்ஸ் போய் சலான் வந்திருக்கு. அடுத்த வருசம் பிரீமியம் ஏறுமா?

சலானுக்காக ஏறாது தம்பி. நம்ம நாட்டுல கிளெய்ம் வாங்கினாத்தான் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காதவங்களுக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி, போகும். அது முதல் வருசம் 20 சதவீதம், அஞ்சு வருசம் கிளெய்ம் இல்லாம ஓட்டினா 50. ஆனா ட்ரிபிள்ஸுக்கு 1,000 ரூபாயோட மூணு மாசம் லைசென்ஸும் போகும், ஹெல்மெட் போடலைன்னாலும் லைசென்ஸுக்கு அப்படித்தான். தமிழ்நாடு நம்பர் வண்டிங்கிறதால தப்பிச்சிடலாம்னு நினைக்காதே, கேரளா சலானும் மத்திய அரசோட பரிவாகன் சைட்ல உன் நம்பர்லதான் நிக்கும்.

சித்தூர் பாட்டி: கலிபோர்னியாவுல பேரனுக்கு 17. "ரெண்டு பாயின்ட் ஏறிடுச்சு"ன்னு மருமக அழுவுறா. அது என்ன பாயின்ட்டு?

அங்க வண்டி ஓட்டும்போது பண்ற தப்புகளுக்கு ரெக்கார்டுல பாயின்ட் ஏறும் பாட்டி. 18 வயசுக்குள்ள 12 மாசத்துல ரெண்டு பாயின்ட் ஆனா, 30 நாளைக்கு 25 வயசு தாண்டின, லைசென்ஸ் உள்ள பெரியவங்க பக்கத்துல உக்காந்தாத்தான் ஓட்டலாம். மூணு ஆனா ஆறு மாசம் லைசென்ஸ் போச்சு. அந்த ரெக்கார்டைப் பாத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியும் பிரீமியம் போடும், மருமக அழறது அதுக்காகவும் இருக்கும். சின்னத் தப்புன்னா டிராஃபிக் ஸ்கூல் வகுப்புக்குப் போய் ஒரு பாயின்ட்டை இன்சூரன்ஸ்காரங்க கண்ணுல படாம மறைக்க வழியிருக்கு, அதுவும் 18 மாசத்துக்கு ஒரு தடவைதான்.

மீனாட்சிபுரம் அக்கா மறுபடியும்: அப்ப பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் குடுக்கட்டுங்களா?

250 வாட்டுக்கு மேல போகாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓடாத வண்டின்னா லைசென்ஸ் வேண்டாங்க்கா. கடைக்காரர் வாயால சொன்னா நம்பாதீங்க, பேப்பர்ல எழுதியிருக்கான்னு பாருங்க. மீட்டர்ல 45 காட்டுச்சுன்னா அங்கேயே விட்டுட்டு வந்துடுங்க.